ஒரே கூரையின் கீழ் பூனையும் பாம்பும் கினி பிக்கும்: இரண்டு குடித்தனமாகப் பிரித்து வைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை, டெரியர் கலப்பு நாய் ஒன்று, ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்த கார்ன் ஸ்னேக் (நஞ்சில்லாத வளர்ப்புப் பாம்பு) ஒன்று. இப்போது எலி இனத்தைப் போன்ற சிறு கொறிவிலங்குகளான இரண்டு கினி பிக், ஒரு ஹாம்ஸ்டர் வரப்போகின்றன. எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைக்கலாமா? பூனை சாதுவானது, சிறிது சிறிதாகப் பழக்கினால் சேர்ந்தே இருந்துவிடாதா?

வைக்கலாம். அதற்குக் கதவைச் சாத்திப் பூட்டக்கூடிய தனி அறை ஒன்று வேண்டும். ஒரே கூடம், ஒரே படுக்கையறை என்ற அளவில் வீடு இருந்து, பூனையும் நாயும் எங்கும் உலாவுமானால் ஹாம்ஸ்டரைக் கொண்டுவராதீர்கள். எவ்வளவு நல்ல கூண்டு வாங்கினாலும் என் பதில் இதுவே. 'பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்' என்று இரண்டு பக்கமும் நிற்கிறவர் கூண்டை மட்டும் நம்பினால் பால் போய்விடும். செய்ய வேண்டியது வீட்டுக்குள் இன்னொரு வீட்டைக் கட்டுவதுதான். சுவர், காற்று, வாசனை, உங்கள் கை, துடைப்பம் வரை எல்லாம் இரண்டாகப் பிரிய வேண்டும்.

முதலில் 'பழக்கினால் போதாதா' என்பதைப் பார்த்துவிடலாம். ஸிங் யாங் குவோ என்ற ஆய்வாளர் 1930-இல் இதையே சோதித்தார். எலி பிடிக்கும் தாயோடு வளர்ந்த 21 பூனைக்குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனியே வளர்ந்த 20 குட்டிகளில் 9 கொன்றன. பிறந்ததிலிருந்து எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் 3 மட்டுமே கொன்றன. இதைப் படித்ததும் பழக்கினால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த 3 குட்டிகளும் கொன்றது வேறு வகை எலிகளை. கூடவே வளர்ந்த வகையைத் தொடவில்லை. பூனை கற்றுக்கொள்வது 'இந்த எலி என் வீட்டு எலி' என்பதைத்தான், 'எலியைப் பிடிக்கக் கூடாது' என்பதை அல்ல. உங்கள் பூனையோ வளர்ந்துவிட்டது, குட்டிப் பருவத்தின் அந்தச் சில வாரங்கள் எப்போதோ கடந்துவிட்டன.

இன்னொரு தவறான கணக்கு, வயிறு நிறைய வைத்தால் வேட்டையாடாது என்பது. பசி வேட்டையைத் தூண்டும், ஆனால் வேட்டை பசிக்குக் கட்டுப்பட்டது அல்ல. தின்றுகொண்டிருக்கும் தட்டை விட்டு எழுந்துபோய் எலியைப் பிடித்துவிட்டு, திரும்பி வந்து மீதியைத் தின்னும் விலங்கு பூனை. நாயிடம் இந்தச் செயல் ஒரு சங்கிலி போல வரும்: உற்றுப் பார்ப்பது, பதுங்கி நகர்வது, துரத்துவது, கவ்வுவது, உலுக்கிக் கொல்வது. மந்தை மேய்க்கும் இனங்களில் சங்கிலி துரத்துவதோடு நிற்கும்படி பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். டெரியரில் நேர் எதிர். கவ்வி உலுக்கும் கடைசிக் கண்ணிதான் அதன் தொழிலே. கினி பிக் அளவுள்ள உயிரின் கழுத்தெலும்பை முறிக்க ஒரு உலுக்கல் போதும், ஒரு விநாடிகூட ஆகாது. அதில் கோபமோ வெறுப்போ இல்லை, நாய்க்கு அது இன்பம். ஆகவே திட்டுவதாலும் தண்டிப்பதாலும் மாறாது. நீங்கள் பார்க்காத நேரத்துக்கு அது தள்ளிப்போகும், அவ்வளவுதான். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்று சொன்னவர்கள் கூர்ந்து கவனித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நமக்குக் கேட்காத வீடு

கண்ணில் படாமல் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கண் இதில் மூன்றாம் இடம்தான். காதும் மூக்கும் முந்திக்கொள்ளும். நம் காது 20 கிலோ ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்கு 45 வரை, பூனைக்கு 60-க்கும் மேலே கேட்கும். எலி, ஹாம்ஸ்டர் போன்ற கொறிவிலங்குகளின் பேச்சில் பெரும்பகுதி நம் எல்லைக்கு மேலேதான் நடக்கிறது. எலியின் அபாயக் குரலே 22 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் வரும். கூடம் அமைதியாக இருக்கிறது என்று நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது பூனை அடுத்த அறைக் கதவையே வெறித்துக்கொண்டிருந்தால், அதற்கு உள்ளே நடப்பது தெளிவாகக் கேட்கிறது என்று பொருள். ஹாம்ஸ்டர் ராத்திரியில்தான் சக்கரம் சுற்றும். பூனையின் சுறுசுறுப்பும் அந்தி, விடியற்காலை வேளைகளில் உச்சத்துக்குப் போகும். நீங்கள் அயர்ந்து தூங்கும் நேரத்தில்தான் இரண்டும் விழித்திருக்கின்றன.

மூக்கு இதற்கும் மேல். பூனையின் கழுத்தில் கட்டியிருந்த துணியைக் கூண்டில் வைத்தால், தலைமுறை தலைமுறையாகப் பூனையையே கண்டிராத ஆய்வக எலிகளும் ஓடி ஒளிகின்றன. மறுநாள் துணியை எடுத்த பிறகும் அதே இடத்தில் ஒடுங்கியே இருக்கின்றன. பூனையைத் தடவிய கையோடு ஹாம்ஸ்டரைத் தூக்கும்போது நீங்கள் நீட்டுவது அந்தத் துணியைத்தான். கடிக்கிறது, பழகமாட்டேன் என்கிறது என்று வரும் புகார்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

அறை

விதி ஒன்றுதான்: வேட்டை விலங்குக்கும் இரைக்கும் நடுவே எந்த நேரமும் பூட்டிய தடுப்பு இரண்டு இருக்க வேண்டும். ஒன்று அறைக் கதவு, மற்றொன்று கூண்டுக் கதவு. ஏதாவது ஒன்றை யாராவது என்றாவது மறந்து திறந்துவைப்பார்கள். அதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் இரண்டாவது தடுப்பு. சுத்தம் செய்யும்போது கூண்டு திறந்திருக்கும், ஆகவே அப்போது அறைக்கு வெளியே மூன்றாவது ஒன்று வேண்டும்: பூனையும் நாயும் வேறொரு அறையில் அடைபட்டிருக்க வேண்டும். கினி பிக்குகளைத் தரையில் உலாவவிடும் நேரத்துக்கும் இது பொருந்தும்.

கதவுப் பிடியைப் பாருங்கள். கீழே அழுத்தித் திறக்கும் நெம்புப் பிடியில் பூனை தாவித் தொங்கினாலே கதவு திறந்துவிடும், நாய்க்கு அதுகூட வேண்டாம், பாதம் வைத்தால் போதும். உருண்டைக் குமிழாக மாற்றுங்கள். முடியாவிட்டால் நெம்பைச் செங்குத்தாக நிற்கும்படி திருப்பிப் பொருத்துங்கள், கூடவே பூனை எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். தானாகச் சாத்திக்கொள்ளும் டோர் குளோசர் ஒன்றை மேலே மாட்டுவது, குழந்தைகள் இருக்கும் வீட்டில், எந்தக் கூண்டை விடவும் பயனுள்ள செலவு. கதவுக்குக் கீழே இருக்கும் இடைவெளி 6 மி.மீ.-க்குள் இருக்கட்டும். தூரிகை போன்ற பட்டை வேண்டாம், ஹாம்ஸ்டர் அதைக் கடித்தே வழி செய்துவிடும். அலுமினியப் பட்டை சரி.

கதவைச் சாத்தியே வைப்பதால் வரும் பிரச்சினை ஒன்று உண்டு, அதை யாரும் முதலில் யோசிப்பதில்லை: காற்றும் வெப்பமும். கினி பிக்குக்கு 18 முதல் 24 டிகிரி வரை வசதி. 28-ஐத் தாண்டினால் வெப்பத் தாக்குதலுக்கு வாய்ப்பு அதிகம், அதற்கு வியர்வை கிடையாது. அடைத்த அறையில் சிறுநீரின் அம்மோனியாவும் தேங்கி மூச்சுக்குழாயைக் கெடுக்கும். உள்ளே நுழைந்ததும் உங்கள் மூக்கில் நெடி அடித்தால், தரையோடு இருக்கும் விலங்குக்கு அது பல மடங்கு. ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டுமென்றால் கொசு வலை போதாது, பூனை நகம் அதை ஒரே இழுப்பில் கிழிக்கும். உலோக வலையடித்த சட்டம் வேண்டும். பூனை படுக்கும் பக்கத்திலிருந்து காற்று இந்த அறைக்குள் வராமல், இங்கிருந்து வெளியே போகும்படி இருந்தால் நல்லது.

பாம்பு இந்த அறையில் இருக்கவே கூடாது. தொட்டி எவ்வளவு உறுதியானாலும் சரி. கார்ன் ஸ்னேக்குக்குத் தலை நுழையும் இடைவெளி கிடைத்தால் உடம்பும் நுழையும். நெகிழ் கண்ணாடிக் கதவுள்ள தொட்டிகளில் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் சில மி.மீ. இடுக்கு இருக்கும், குட்டிப் பாம்புகள் அதன் வழியே போய்விடும். ஹாம்ஸ்டர் கூண்டின் கம்பிக்குள் மெலிந்த பாம்பு நுழைந்து, விழுங்கி, வயிறு புடைத்து வெளியே வர முடியாமல் கிடப்பது அரிய விபத்து அல்ல. தொட்டிக்குப் பூட்டு, கண்ணாடி இடுக்குக்குச் சிலிக்கான் பட்டை, மூடிக்கு நான்கு மூலையிலும் கவ்வி. மூடியின் மேல் 4, 5 கிலோ பூனை ஏறிப் படுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள், விளக்கின் கதகதப்புக்காக அது கட்டாயம் ஏறும். மெல்லிய வலை மூடி தொய்ந்து உள்ளே விழுந்தால் பூனையும் பாம்பும் ஒரே தொட்டியில்.

கூண்டு

பல விபத்துகளில் பூனை கூண்டைத் திறப்பதே இல்லை. மேசையிலிருந்து கூண்டைத் தள்ளிவிடுகிறது, விழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் அடித்தட்டிலிருந்து கம்பி மேற்பகுதி கழன்றுகொள்கிறது. கடையில் கிடைக்கும் பல கூண்டுகளில் இந்த இரண்டையும் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் கொக்கிகள்தான், நாளடைவில் அவை நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கராபினர் (ஸ்பிரிங் வாயுள்ள உலோகக் கொக்கி) அல்லது தடித்த கேபிள் டை போடுங்கள். அலமாரியைச் சுவரோடு எல் வடிவ இரும்புத் தகட்டால் திருகுங்கள், கூண்டை அலமாரியோடு பட்டையால் கட்டுங்கள். மேலே தூக்கித் திறக்கும் சிறு கதவுகளைப் பூனை பாதத்தாலேயே தூக்கும், அவற்றுக்கும் தனிக் கராபினர் வேண்டும்.

கம்பி இடைவெளியில் கருணை காட்ட இடமில்லை. சுண்டெலிக்கும் குள்ள ஹாம்ஸ்டருக்கும் 7 மி.மீ.-க்குள், சிரியன் ஹாம்ஸ்டருக்கு 12 மி.மீ.-க்குள். கினி பிக் வெளியே போகாது என்பதால் 3, 4 செ.மீ. கட்டம் போதும் என்கிறார்கள். அது உள்ளிருப்பதைக் காக்கும் கணக்கு. வெளியிலிருந்து வரும் பாதத்துக்கு அந்த இடைவெளி வாசல் மாதிரி. பூனையின் முன்கால் 2.5 செ.மீ. இடுக்கில் தாராளமாக உள்ளே போய், நகத்தில் மாட்டிய காலை வெளியே இழுக்கும். கம்பியைப் பற்றித் தொங்கும் ஹாம்ஸ்டருக்கும் பறவைக்கும் விரல் போவது இப்படித்தான். ஆகவே வெளிப்புறம் மூன்று பக்கமும் 3 மி.மீ. அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் தகடு பொருத்தி, காற்றுக்கு மேற்பக்கத்தையும் முன்பக்க மேல் பாதியையும் மட்டும் வலையாக விடுங்கள். ஒளியுமிடமும் தண்ணீர்க் குப்பியும் வலையை ஒட்டி இருக்க வேண்டாம், குறைந்தது 15 செ.மீ. உள்ளே தள்ளி வையுங்கள்.

கினி பிக்குக்குக் கட்டங்களை இணைத்துச் செய்யும் திறந்த கூண்டு பரவலாக இருக்கிறது. இடவசதிக்கு அது அருமை, ஆனால் கூரை கிடையாது. கூரையை நீங்களே செய்யலாம். 2.5 க்கு 5 செ.மீ. மரச் சட்டம், 12 மி.மீ. கட்டமுள்ள வெல்டட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை), கம்பித் தடிமன் குறைந்தது 1 மி.மீ.; நாய் இருப்பதால் 1.6 மி.மீ. எடுங்கள். அறுகோணக் கண்ணுள்ள கோழி வலை வேண்டாம். அது கோழியை உள்ளே நிறுத்தத்தான், நாய் அதைத் துணி மாதிரி பிரித்துவிடும். வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் அடியுங்கள். வெளியிலிருந்து அழுத்தும்போது வலை சட்டத்தின் மேல் பதியும். உள்பக்கம் அடித்தால் அதே அழுத்தம் ஆணிகளைப் பிடுங்கும். ஸ்டேப்ளர் ஆணியை மட்டும் நம்பாமல், வலையின் ஓரத்தின் மேல் மெல்லிய மரப் பட்டி வைத்து 10 செ.மீ.க்கு ஒரு திருகும் வாஷரும் போடுங்கள். கீல் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் இரண்டு தாழ்ப்பாள். ஒன்றே போட்டால் மறுமூலையை நெம்பித் தூக்கலாம்.

பறவைக்கு இதே வலையைப் பயன்படுத்துவதாக இருந்தால் துத்தநாகப் பூச்சை அது கொறித்து நஞ்சாகும் அபாயம் உண்டு. அதற்குத் துருப்பிடிக்காத எஃகு வலைதான்.

உள்ளே ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு ஒளியுமிடம், அதற்கு இரண்டு வாசல். ஒரே வாசலுள்ள பெட்டியில் ஒரு கினி பிக் மற்றதை மூலையில் மடக்கிவிடும்; பயந்த நேரத்தில் அதுவே சண்டையாகும். கூண்டின் ஒரு நீண்ட பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். நான்கு பக்கமும் திறந்த இடத்தில் நடுவாக வைத்தால் எந்தத் திசையிலிருந்து ஆபத்து வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கும், உறங்காது.

கை, துணி, துடைப்பம்

காலையில் வேலையை இரையிலிருந்து தொடங்குங்கள்: கையைக் கழுவி, பூனை ஏறிப் படுக்காத மேலாடை ஒன்றை அணிந்து, ஹாம்ஸ்டர், பிறகு கினி பிக். அடுத்து பூனை, நாய். பாம்பு கடைசி. பாம்புக்கு முன்னால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், காரணம் வேறு: கையில் ஹாம்ஸ்டர் வாசனை இருந்தால் பாம்புக்கு அந்தக் கைதான் சாப்பாடு. பாம்பு கடித்தால் பெரிய காயம் இல்லை, ஆனால் பதறி நீங்கள் கையை உதறினால் பாம்பின் பற்களும் தாடையும் சேதமாகும். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா இருப்பது சகஜம், ஆகவே அதன் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியிலோ கினி பிக் பாத்திரங்களோடோ கழுவாதீர்கள்.

துடைப்பம், முறம், வாளி, துண்டு எல்லாம் அந்த அறைக்குத் தனி. வண்ணத்தால் பிரித்தால் குழந்தைகளும் மாற்றி எடுக்கமாட்டார்கள். உலர் புல் மூட்டையை மூடி இறுக்கமான பெட்டியில் வையுங்கள். கதகதப்பாக, மெத்தென்று இருப்பதால் பூனைக்கு அதைவிடச் சிறந்த படுக்கை இல்லை. ஒருமுறை பூனை சிறுநீர் தெளித்த புல்லைக் கினி பிக் தொடாது. கினி பிக் புல் தின்னாத ஒரு நாள் என்பது குடல் அசைவு நிற்கத் தொடங்கும் நாள்.

மருந்தும் புழுவும்

இங்கேதான், கடியே நிகழாமல், விலங்குகள் இறக்கின்றன. நாய், பூனையின் கழுத்தில் விடும் உண்ணிச் சொட்டு மருந்துகளில் ஃபிப்ரோனில் உள்ளவற்றை முயலுக்கு ஒருபோதும் போடக் கூடாது. வலிப்பு வந்து இறக்கும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சு. அளவைக் குறைத்துப் போட்டால் சரியாகும் என்பதும் பொய். மருந்து விட்ட நாய் உலர்வதற்குள் பூனையோடு உரசுவது, கினி பிக்கின் துணியில் படுப்பது இரண்டையும் தடுக்க, முதல் இரண்டு நாட்கள் நாயைத் தனியே வையுங்கள். எந்த விலங்குக்கு மருந்து வாங்கினாலும் வீட்டில் உள்ள எல்லா விலங்கையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

போர்டெடெல்லா என்ற கிருமி நாய்க்கு இருமலோடு போய்விடும். கினி பிக்குக்கு அதுவே நிமோனியா. முயலும் இந்தக் கிருமியை அறிகுறி இல்லாமலே சுமக்கும், முயலையும் கினி பிக்கையும் சேர்த்து வளர்க்க வேண்டாம் என்பதற்கு அது ஒரு காரணம் (முயலின் பின்னங்கால் உதை மற்றொன்று). நாய்க்கு மூக்கில் விடும் இருமல் தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, சில வாரங்கள் வரை அது வெளியேறிக்கொண்டே இருக்கலாம். ஊசி வடிவம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

புழுக்களோ வேட்டைக்காரனையும் இரையையும் இணைத்தே வாழ்கின்றன. நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை மலத்தோடு புல்லில் விழுந்து, முயலின் வயிற்றில் கட்டிகளாக வளரும். பூனையின் நாடாப்புழு ஒன்றுக்குக் கொறிவிலங்குகளின் ஈரல் அதே போன்ற இடைத்தங்கல். நாய் போகும் புல்வெளியில் இரைக்குப் புல் அறுக்காமல் இருப்பதும், வேட்டை விலங்குகளுக்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்து தருவதும் போதும்.

பூனையையும் நாயையும் என்ன செய்வது?

கழுத்தில் மணி கட்டுவது வீண். கூண்டில் இருப்பது ஓட முடியாது, மணி அதைப் பயமுறுத்துவதற்கு மட்டுமே உதவும். பூனையின் வேட்டை உந்துதலை வேறு பக்கம் திருப்புவது பலன் தரும். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை கால்பங்கு குறைந்தது. இறைச்சி மிகுந்த, தானியம் இல்லாத உணவுக்கு மாற்றியவற்றில் 36 சதவீதம் குறைந்தது. மணி கட்டியதில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆக, மாலையில் தூண்டிற்கோல் பொம்மையால் துரத்தவிட்டு, கடைசியில் பிடிக்கவும் விட்டு, உடனே இரவு உணவு. பிடிக்கவிடாமல் பொம்மையைத் தூக்கிவைத்தால் பூனை முடியாத வேட்டையோடு அலையும். மூடிய கதவுக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்வது, கதவடியில் சிறுநீர் தெளிப்பது, காரணமின்றி நாயைப் பிறாண்டுவது எல்லாம் அந்த ஏமாற்றத்தின் அடையாளம். கதவிலிருந்து பத்தடி தள்ளி உயரமான ஜன்னல் மேடை ஒன்று வைத்து அங்கே தீனி கொடுத்தால் பெரும்பாலும் இடம் மாறும்.

நாய்க்குப் பயிற்சி உண்டு, அதன் இலக்கைச் சிறியதாக வையுங்கள்: அந்தக் கதவைக் கடந்து போகும்போது நிற்காமல் போக வேண்டும். கயிற்றில் பிடித்து, கதவை நாய் பார்த்தும் உங்கள் கையிலிருந்து தீனி வாங்கும் தூரத்தில் நில்லுங்கள். தலையை உங்கள் பக்கம் திருப்பிய கணமே தீனி. ஒரு வேளைக்கு 3 முதல் 5 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை, பிரச்சினை இல்லாத நாளுக்கு மறுநாள் அரை மீட்டர் நெருங்குங்கள். உடல் விறைத்து, வாய் மூடி, காது முன்னால் நின்று, இமைக்காமல் பார்த்தால் தூரம் அதிகமாகக் குறைந்துவிட்டது, பின்வாங்குங்கள். அந்த விறைப்பைச் சிலர் 'அமைதியாகப் பார்க்கிறது' என்று படம் எடுப்பார்கள். வாலாட்டுவதும் நட்புக்குச் சான்று அல்ல. டெரியர் கினி பிக்கை முகர்ந்து பார்க்க விடும் 'அறிமுகம்' எதுவும் வேண்டாம், கூண்டுக்கு வெளியிலிருந்துகூட.

பயம் உள்ளுக்குள் அரிக்கிறதா என்று தெரிந்துகொள்ள

இரை விலங்கு நோயை மறைக்கும், பயத்தையும் மறைக்கும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் கினி பிக்கைப் பார்த்து 'பழகிவிட்டது' என்று முடிவு கட்டுவதுதான் நான் அதிகம் திருத்த நேரும் தவறு. உறைந்து நிற்பது அச்சத்தின் உச்சம். பழகியது தின்னும், உடம்பை நீட்டிப் படுக்கும், சுத்தம் செய்துகொள்ளும், நீங்கள் புல் பையைத் தொட்டதும் கத்தும்.

கண்ணை விடத் தராசு நம்பகமானது. 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு ஒன்றை அந்த அறைக்கென்று வைத்து, வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை எழுதுங்கள். புது விலங்குக்கு முதல் இரண்டு வாரம் நாள்தோறும். வளர்ந்த கினி பிக்கில் ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் கவனம், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவர். புழுக்கையையும் பாருங்கள்: சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, ஒழுங்கற்ற வடிவில் வந்தால் தீனி உள்ளே போகவில்லை. 12 மணி நேரம் எதுவும் தின்னாத கினி பிக்கையோ முயலையோ மறுநாள் காலை வரை பார்ப்போம் என்று வைக்கக் கூடாது. ஹாம்ஸ்டரில் கம்பியைக் கடித்துக்கொண்டே இருப்பதும், பழகிய சக்கரத்தை விட்டுவிடுவதும், பகலில் இடம் மாற்றி மாற்றிக் கூடு கட்டுவதும் கவனிக்க வேண்டியவை.

வேறு சில சேர்க்கைகள், சுருக்கமாக. ஃபெரட்டும் (கீரி போல நீண்ட உடலுள்ள வளர்ப்பு விலங்கு) முயலும் ஒரே வீட்டில் வேண்டவே வேண்டாம்; முயல் பிடிக்கவென்றே மனிதர்கள் வளர்த்த விலங்கு ஃபெரட், அதன் வாசனை கூரைவரை நிற்கும். பீதியில் முயல் எகிறி உதைக்கும்போது தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். பெரிய எலியும் சுண்டெலியும் ஒரே அறையில் வேண்டாம், முன்னது பின்னதைக் கொல்லும். பெரிய கிளிக்கும் பட்ஜி, ஃபின்ச் போன்ற சிறு பறவைகளுக்கும் கூண்டுகள் ஒட்டியிருந்தால் சிறியவற்றின் கால்விரல் மிஞ்சாது. மீன் தொட்டிக்குக் கனமான மூடி போதும்.

தப்பித்தாலோ கவ்விவிட்டாலோ

ஹாம்ஸ்டரைக் காணோம் என்றால் முதலில் தேட வேண்டியது ஹாம்ஸ்டரை அல்ல. பூனை, நாய், பாம்பு மூன்றும் எங்கே என்று பார்த்து அடைத்துவிடுங்கள். பிறகு எல்லா அறைக் கதவுகளையும் சாத்தி, கீழ் இடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள். ஒவ்வொரு அறையிலும் எண்ணி ஐந்து சூரியகாந்தி விதை, சுவரோரமாகச் சிறிது மாவு தூவுங்கள். ஒரு மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டு வந்தால் எந்த அறை என்று விதையும் கால்தடமும் சொல்லும். அந்த அறையில் 25 செ.மீ. ஆழமுள்ள வழுவழுப்பான வாளி, அடியில் அதன் பழைய படுக்கையும் ஒரு துண்டு வெள்ளரியும், வெளியே புத்தகங்களால் படிக்கட்டு. காலையில் உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். பாம்பைக் காணவில்லை என்றால் இரை அறையின் கதவிடுக்கை முதலில் அடையுங்கள், பிறகு கதகதப்பான குறுகிய இடங்களாகத் தேடுங்கள்: குளிர்பெட்டியின் பின்புறம், அலமாரி அடி, மெத்தைச் சட்டம்.

நாய் கவ்வியிருந்தால் இரையைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுப்பு உலுக்கலைத் தூண்டும். கழுத்துப் பட்டையைப் பிடித்து அசையாமல் நிறுத்தி, மூக்கருகே வாசனை மிகுந்த தீனியையோ முகத்தில் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். பூனை என்றால் தடித்த துண்டை மேலே போட்டுப் பலமாகக் கை தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

மீட்டதை இருட்டான, சற்றுக் கதகதப்பான பெட்டியில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், காயத்தைத் தேடி முடியைப் புரட்டிக்கொண்டே இருக்காதீர்கள். பூனைப் பல் ஊசி போல மெலிது. துளை முடிக்குள் மறைந்து இரத்தம்கூட வராது. பூனை வாயில் பெரும்பாலும் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி இரத்தத்தில் கலந்தால் சிறு பறவை ஓரிரு நாளில் இறந்துவிடும். 'காயம் ஒன்றும் தெரியவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது' என்று காத்திருக்காமல் சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போய், 'பூனை வாயில் இருந்தது' என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். வாய் வழியாகத் தரும் பெனிசிலின் வகை மருந்துகள் கினி பிக், ஹாம்ஸ்டர், முயல் ஆகியவற்றின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து, அந்த விலங்கையே கொல்லும். திரும்பி வந்த பிறகு அடுத்த ஏழு நாளும் காலை மாலை எடை பாருங்கள்; கினி பிக் என்றால் அதன் ஜோடியையும் சேர்த்து. கடிபடாத அந்த இரண்டாவது விலங்கும் அதே பயத்தில் தின்னாமல் கிடக்கும், எல்லார் கவனமும் முதலாவதின் மேல் இருக்கும் நேரத்தில்.